டெல்லியில் முதல் வருஷம் முடிகிறது, ஊருக்குத் திரும்பிவிடலாமா?

விருதுநகர் பக்கத்திலிருந்து மத்திய அரசு வேலை கிடைத்து டெல்லிக்கு வந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போன மார்ச்சில் சேர்ந்தவர். முனிர்காவில் மூன்றாவது மாடியில் ஒற்றை ரூம். "ஒரு வருஷம் ஆகப்போகுது, ஒண்ணும் பழகல. ஜனவரி முழுக்க ஆபீஸ் விட்டா ரூம், ரூம் விட்டா ஆபீஸ். பேச ஆள் இல்ல. இங்க யாரும் ஒட்டமாட்டாங்க போல. ராஜினாமா பண்ணிட்டு ஊருக்குப் போய் குரூப் 2-க்குப் படிக்கலாமான்னு இருக்கு. ரெண்டாவது வருஷம் மாறிடும்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவே மாறுமா?" இதுதான் கேள்வி.

மாறும் தம்பி. ஆனால் தானாக மாறாது. "போகப் போகப் பழகிடும்" என்று சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அதை நம்பி அதே ரூமில், அதே பழக்கத்தில் இன்னொரு வருஷத்தை ஓட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஜனவரி அவர்களுக்கு முதல் ஜனவரியைவிடக் கனமாக இருந்தது. எதை மாற்றினால் மாறும் என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். ஒரு அமைச்சகத்தில் முழு சர்வீஸையும் முடித்து ரிட்டயர் ஆனேன். ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்தேன். புதிதாக வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ரூம் பார்த்துக் கொடுப்பதும், காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொண்டுபோவதும் எங்கள் வீட்டில் வழக்கம். அவர்களில் யாராவது ராஜினாமா பேச்சை எடுத்தால் அது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியாகத்தான் இருக்கும். மிச்சப் பேர் ஜூன் மாதத்தில் எடுப்பார்கள். அக்டோபரில் எடுத்தவர்களை எனக்கு நினைவில்லை.

இதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் வருஷத்தில் உடம்பு படுகிற பாட்டை, "இந்த ஊருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று மனசு எடுத்துக்கொள்கிறது.

குளிரிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களை அடித்துப்போட்டது அதுதான். டெல்லி வீடுகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை. கனமான செங்கல் சுவர், மொசைக் அல்லது மார்பிள் தரை, வெயில் உள்ளே வராத அமைப்பு. மே மாதத்தில் இதெல்லாம் புண்ணியம். ஜனவரியில் அதே சுவரும் தரையும் இரவுக் குளிரைப் பிடித்துவைத்துக்கொண்டு பகலெல்லாம் விடும். இரவில் மூன்று, நான்கு டிகிரிக்கு இறங்கும் நாட்கள் உண்டு. மூடுபனி விலகாத நாளில் பகலிலும் 15 டிகிரியைத் தாண்டாது. குளிர்நாடுகளில் வீட்டையே சூடாக்கி வைத்திருப்பார்கள். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. அதனால் வெயில் அடிக்கிற மத்தியானத்தில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் இருப்பதுதான் அதிகக் குளிர்.

டெல்லிக்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் டிசம்பர், ஜனவரியில் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை ஊரே வெளியில் இருக்கும். மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பெண்கள் பச்சைப் பட்டாணி உரிப்பார்கள், கடுகுக் கீரை ஆய்வார்கள். குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்து வெயிலில் கிடத்துவார்கள். தாத்தாக்கள் பூங்காவில் சீட்டாடுவார்கள். அமைச்சக ஊழியர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து ஆரஞ்சும் வேர்க்கடலையும் தின்பதை நீங்களே ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரில் வேண்டியவர்கள் அமைவது அந்த நாலு மணி நேரத்தில்தான். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எந்த டாக்டர் நல்லவர், யார் ரூம் காலியாகிறது, எல்லாம் அந்த வெயிலில் பேசப்படும்.

அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வேலை நாளில் சீட்டிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிவரை ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள். பிறகு சமையல், துணி, போன். ஐந்தரை தாண்டினால் இருட்டு. முனிர்கா கிராமத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நாலு, ஐந்து மாடி ஏறியவை. உங்கள் ரூம் ஜன்னல் இன்னொரு வீட்டின் சுவரைப் பார்த்துதான் திறக்கும். குளிர்காலப் பகலில் இந்த ஊர் யாருமே இருக்காத இடத்தில் நீங்கள் மட்டும் இருந்திருக்கிறீர்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நம் ஊரில் வெயிலுக்கு ஒதுங்கித்தானே வளர்ந்தோம். வெயிலைத் தேடிப் போய் உட்காரும் பழக்கம் நம் கைவசம் இல்லை.

வெளிச்சக் கணக்கும் ஒன்று உண்டு. டிசம்பர் கடைசியில் விருதுநகரில் பகல் பொழுது பதினொன்றரை மணி நேரம். டெல்லியில் பத்தேகால், பத்தரை. அதிலும் ஏழேகாலுக்குத்தான் சூரியன் வரும், மூடுபனி நாட்களில் அதுவும் முகம் காட்டாது. வெயிலில்லாத உடம்பு சோம்பும், தூக்கம் கெடும், அழுகை வரும். மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் சிஜிஹெச்எஸ் கார்டு வாங்கியிருப்பீர்கள். டிஸ்பென்சரியில் எழுதி வாங்கி வைட்டமின் டி, பி12, ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்துவிடுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் சரியில்லை என்றால் அதைக் குளிர் என்று தள்ளிவிட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். கட்டணமில்லை. ராத்திரியிலும் கிடைக்கும்.

குளிரைப் பற்றிப் பேசும்போதே ஒரு எச்சரிக்கை. அடுத்த குளிர்காலத்தில் எவ்வளவு நடுங்கினாலும் கரி அடுப்பை மூடிய ரூமுக்குள் வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வருஷம் தவறாமல் இங்கே செய்தி வருகிறது. ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருக்கும் ரூமை வாடகைக்கே எடுக்காதீர்கள். கரன்ட் ஹீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், தூங்கும் முன் அணைத்துவிடுங்கள், ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும்.

இப்போது உங்கள் வருஷத்தைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். மார்ச்சில் வந்தீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பு, மெடிக்கல், போலீஸ் வெரிஃபிகேஷன், சம்பளக் கணக்கு, புரோக்கர் பின்னால் அலைச்சல். டெல்லியில் வருஷத்தின் நல்ல நாட்கள் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தன. சாலையோர இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நின்றிருக்கும், நீங்கள் பார்த்திருக்க வழியில்லை. ஏப்ரல் கடைசியில் அனல். விருதுநகர்க்காரருக்கு வெயில் புதுசா என்று நினைத்திருப்பீர்கள். மே, ஜூனில் மேற்கிலிருந்து வீசும் லூ என்கிற காற்று வேறு ரகம். 45 டிகிரி நாளில் நிழலில் நின்றாலும் முகத்தைச் சுடும், வியர்வை தெரிவதற்கு முன்பே காய்ந்துவிடும், அதனால் தண்ணீர் குறைவது தெரியாமல் மயங்கி விழுவார்கள். புளிப்பு மாங்காயைச் சுட்டுப் பிழிந்து சீரகமும் கருப்பு உப்பும் போட்டுக் குடிக்கிற பன்னா அதற்காகத்தான். அந்த மாதங்களில் ஊர் தலைகீழாகிவிடும். மத்தியானம் எல்லோரும் உள்ளே. ராத்திரி ஒன்பதுக்கு மேல் பூங்காவும் ஐஸ்கிரீம் வண்டியும் நிறைந்திருக்கும். பிரிட்டிஷ் அரசாங்கம் அந்தக் காலத்தில் கோடைக்கு ஆபீஸையே மூட்டை கட்டிக்கொண்டு சிம்லா போனது. கூடவே நம்மூர் குமாஸ்தாக்களும் குடும்பத்தோடு ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் நீங்கள் ஒரு கூலரோடு முதல் கோடையைத் தாண்டியது சின்ன விஷயமில்லை.

கூலரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், நம் பிள்ளைகள் பலர் அதில் பணத்தை விடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. காய்ந்த மே, ஜூனில் அருமையாக ஓடும், ஆனால் எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஜூலையில் மழை வந்து காற்றில் ஈரம் ஏறியதும் அது ரூமைப் புழுக்கமாக்குமே தவிரக் குளிராக்காது. வெளிக்காற்று வராத முனிர்கா ரூமில் கூலர் எந்த மாதத்திலும் வீண். அந்தத் தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டாவிட்டால் டெங்கு கொசுவுக்கு நீங்களே தொட்டில் கட்டிவிடுகிறீர்கள்.

செப்டம்பர் முடிந்து அக்டோபரில் பவளமல்லி உதிரும். ராத்திரித் தெருக்களில் ஏழிலைப்பாலை மணம் தலையைச் சுற்றவைக்கும். ராம்லீலா, துர்கா பூஜை, நம்மவர்கள் வீட்டுக் கொலு எல்லாம் ஒரே சமயத்தில். அந்த மாதம் நீங்கள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்து தீபாவளி. நாம் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்திருப்போம். இங்கே அன்றைக்கு ஊர் இன்னும் எழுந்தே இருக்காது. அவர்களுக்குச் சாயங்காலம் லட்சுமி பூஜையில்தான் பண்டிகை ஆரம்பம். முதல் வருஷத் தீபாவளிக் காலை நம் பிள்ளைகளுக்கு ரொம்ப வெறுமையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அடுத்த வருஷம் காலையில் மலை மந்திர் போங்கள், சாயங்காலம் வீட்டுக்காரர் வீட்டுக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுபோங்கள். ஒரே நாளில் இரண்டு தீபாவளி.

தீபாவளியை ஒட்டி வருகிற புகையையும் புரிந்துகொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் காற்று ஓய்ந்துவிடும். இரவில் தரை சீக்கிரம் குளிர்வதால் குளிர்ந்த காற்று கீழேயும் வெதுவெதுப்பான காற்று மேலேயும் நின்றுகொள்கிறது. வண்டிப் புகை, கட்டடத் தூசி, குப்பை எரிக்கும் புகை, பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்தபின் தாளை எரிக்கும் புகை எதுவுமே மேலே போக வழியில்லாமல் நம் மூக்கு உயரத்தில் தங்கிவிடும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த நாட்களில் விடியற்கால நடை வேண்டவே வேண்டாம். விடியலிலும் இரவிலும்தான் புகை அடர்த்தியாக இருக்கும். மத்தியானம் கொஞ்சம் தெளியும், அப்போது போங்கள், என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு. தொண்டைக் கரகரப்பும் தலைவலியும் மூன்று வாரம் தொடர்ந்தால் யாருக்கும் ஊர் வெறுக்கும். இதில் நீங்கள் சகித்துக்கொண்டே தீரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஆஸ்துமா இருந்து, இந்தக் குளிர்காலத்தில் இன்ஹேலர் அளவு கூடியிருந்தால், ஊருக்குப் போவதுதான் சரி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அந்தக் கஷ்டம் உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். முதல் வேலை, ரூமை மாற்றுங்கள். இந்த மாதமே தேட ஆரம்பியுங்கள். உங்கள் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்திருக்கும் அல்லது முடியப்போகிறது. (ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் என்றால் கட்டாயம் பதிவு செய்யவேண்டும், அதனால்தான் எல்லோரும் பதினொன்றில் நிறுத்துகிறார்கள்.) புது ரூம் பார்க்கப் போகும்போது மத்தியானத்தில் போங்கள், உள்ளே லைட் போடாமல் நின்று பாருங்கள். தெற்குப் பக்கம் ஜன்னலோ பால்கனியோ இருந்தால் குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் உள்ளே வரும். கோடையில் சூரியன் உச்சியில் போவதால் அதே ஜன்னல் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மொட்டை மாடிக்குப் போக அனுமதி உண்டா என்று கேளுங்கள். சில வீட்டுக்காரர்கள் பூட்டி வைத்திருப்பார்கள், அந்த வீடு உங்களுக்கு வேண்டாம். மாடியிலேயே தனியாக இருக்கும் பர்சாத்தி ரூம் குளிர்காலத்துக்குச் சொர்க்கம், ஆனால் ஜூனில் அடுப்பு. ஏசி போட இடமிருந்தால் மட்டும் எடுங்கள். கரன்டுக்கு யூனிட் என்ன விலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். டெல்லி அரசின் 200 யூனிட் இலவசம் மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. சப்மீட்டரில் இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டுக்காரர் சொல்கிற விலையைத்தான் கொடுக்கிறார்கள்.

இதைவிட நல்லது குவார்ட்டர்ஸ். இ-சம்பதா தளத்தில் விண்ணப்பித்து வைத்தீர்களா? கல்யாணமாகாதவர்களுக்குக் கிடைக்காது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அது தவறு. சம்பள நிலைக்கேற்ற டைப்பில் பெயர் வரிசையில் ஏறும். வீடு வந்தால் வீட்டு வாடகைப்படி போய்விடும், கட்டடம் பழசாக இருக்கும், சுவர் ஊறும். ஆனாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே படிக்கட்டில் ஒரு பீகார் குடும்பம், ஒரு மலையாளிக் குடும்பம், உத்தராகண்ட் மலைப்பக்கத்துக் கடுவாலிக் குடும்பம் ஒன்று என்று இருப்பார்கள். எல்லோருமே வெளியூரிலிருந்து வந்தவர்கள், எல்லோருமே ஏதோ ஒரு முதல் வருஷத்தைத் தாண்டியவர்கள். நடுவில் ஒரு புல்வெளி இருக்கும். என் பிள்ளைகள் இந்தி கற்றதும் நான் ஸ்வெட்டர் பின்னக் கற்றதும் அந்தப் புல்வெளியில்தான்.

"இங்க யாரும் ஒட்டமாட்டாங்க" என்று எழுதியிருந்தீர்கள். முனிர்கா பழைய ஜாட் கிராமம். அவர்கள் பேச்சில் ஹரியானா வாடை தூக்கலாக இருக்கும், குரல் உயரும், மரியாதைச் சொற்கள் குறைவு. நம் காதுக்குத் திட்டுகிற மாதிரியே கேட்கும். பெற்ற மகனிடமும் அவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வீட்டுக்கார அம்மாவை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டு, "சாப்பிட்டீர்களா" என்று நாமாகக் கேட்டால் போதும், அடுத்த நாள் கதவில் ஒரு கிண்ணம் கீர் வரும். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பாதீர்கள். இது நம்மூர்ப் பழக்கமேதான், இங்கேயும் அப்படியே செல்லும்.

அடுத்த ஜனவரி 13-ஆம் தேதி தெருவில் லோஹ்ரி என்கிற பண்டிகைக்குத் தீ மூட்டுவார்கள். நமக்குப் போகி வருவதும் பெரும்பாலும் அதே நாள். நெருப்பைச் சுற்றி நின்று வேர்க்கடலையும் பொரியும் எள்ளு ரேவ்டியும் போடுவார்கள், தின்பார்கள். கூப்பிடவேண்டும் என்று காத்திருக்காமல் போய் நில்லுங்கள், யாரும் "நீ யார்" என்று கேட்கமாட்டார்கள். மறுநாள் நீங்கள் வைத்த சர்க்கரைப் பொங்கலை நாலு வீட்டுக்குக் கொடுங்கள். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காது, அதற்காக வருத்தப்பட வேண்டாம். அடையும் பொங்கலும் செய்யுங்கள், அந்தப் பருவத்துப் பட்டாணி, முள்ளங்கி, காலிஃப்ளவர், சிவப்புக் கேரட்டுக்கு ஈடான காய் நம் பக்கம் எந்த மாதமும் கிடைக்காது. சாம்பாருக்குச் சின்ன வெங்காயமும் முருங்கையும் வேண்டுமென்றால் ஐஎன்ஏ மார்க்கெட்.

இந்தி கற்பதற்கு ஆபீஸிலேயே பிரபோத், பிரவீண், பிராக்யா என்று படிப்படியாக வகுப்பு நடத்துகிறார்கள், அலுவலக நேரத்திலேயே போகலாம், பாஸ் செய்தால் ஊக்கத்தொகையும் உண்டு. சேருங்கள். அது கோப்புக்கு உதவும். காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசுகிற இந்தி காய்கறி வண்டிக்காரரிடம்தான் கிடைக்கும்.

தமிழர்களோடு மட்டும் இருந்தால் டெல்லி பழகாது என்று சில பேர் புத்தி சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் வருஷத்தில் வாரம் ஒரு நாளாவது தமிழ் பேசிக் களைப்பாறாதவன் மற்ற ஆறு நாளைத் தாங்கமாட்டான். நீங்கள் இருக்கும் இடத்தைவிட வசதியான இடம் தமிழனுக்கு டெல்லியில் கிடையாது. நடக்கிற தூரத்தில் ஆர்.கே. புரம். செக்டார் 7-இல் குன்றின்மேல் சுவாமிநாத சுவாமி கோவில், அதைத்தான் மலை மந்திர் என்கிறோம். 1973-இல் கும்பாபிஷேகம் ஆனது. செக்டார் 5-இல் டெல்லித் தமிழ்ச் சங்கம், 1946-இல் தொடங்கியது, நூலகம் இருக்கிறது, பொங்கல் விழா, பட்டிமன்றம் எல்லாம் நடக்கும். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் வேர் 1923 வரை போகிறது. இன்றைக்கு ஏழு பள்ளிகள். சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து, உங்களைப் போலவே திரும்பிப் போகலாமா என்று நினைத்துவிட்டு இருந்துவிட்ட குடும்பங்கள்தான் இதையெல்லாம் கட்டின. ஞாயிறு காலை கோவில், அங்கிருந்து சங்க நூலகம், மத்தியானம் ஹௌஸ் காஸ் மான் பூங்காவில் வெயில் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு டெங்குக் காய்ச்சல் 104-க்குப் போனால், யமுனைக்கு அந்தப் பக்கம் மயூர் விஹாரில் இருக்கும் தமிழ் நண்பர் வந்து சேர நேரமாகும். பக்கத்து ரூம் மணிப்பூர்ப் பையன்தான் ஆட்டோ பிடிப்பான். அவன் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கு ராத்திரி தெரிந்துகொள்ளுங்கள்.

ராஜினாமாவுக்கு வருகிறேன். குரூப் 2 எழுதுவது நல்ல யோசனை, தாராளமாக எழுதுங்கள். அதற்காக வேலையை விடவேண்டிய அவசியம் இல்லை. ஆபீஸில் எழுதிக்கொடுத்து, முறையான வழியில் விண்ணப்பித்து, தடையின்மைச் சான்று வாங்கிவிட்டுத் தேர்வு எழுதுங்கள். தேர்வானால் புது வேலையில் சேருவதற்கென்றே 'டெக்னிகல் ரெசிக்னேஷன்' என்ற வகை இருக்கிறது. சும்மா ராஜினாமா செய்தால் செய்த சர்வீஸ் போய்விடும். இந்த வகையில் கொடுத்தால் அதைச் சேர்த்துக் கணக்கிடக் கேட்கலாம். ஓய்வூதியக் கணக்கின் பிரான் எண் எங்கே போனாலும் உங்களோடு வரும். டிஎன்பிஎஸ்சி தேர்வு மையம் டெல்லியில் கிடையாது, ஊருக்குத்தான் போய் எழுதவேண்டும். ஈட்டிய விடுப்பு ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று கணக்கில் ஏறுவதை அதற்கு மிச்சம் பிடியுங்கள். சம்பளம் இல்லாமல் ஊரில் உட்கார்ந்து படிக்கிற இரண்டாவது வருஷத்தையும் பார்த்திருக்கிறேன் தம்பி. சொந்தக்காரர் ஒவ்வொருவரும் "ரிசல்ட் எப்போ" என்று கேட்கிற வீட்டில் தனிமை இதைவிடக் குறைவாக இருக்காது.

அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்க்க வேறு ஆளில்லை என்றால் கதை வேறு. அதை உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் நான் மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

இல்லையென்றால் இந்த முடிவை அக்டோபருக்குத் தள்ளிவையுங்கள். புது ரூமில் ஒரு வசந்தமும், தயாராக இருந்து எதிர்கொண்ட ஒரு கோடையும், ஒரு மழைக்காலமும் போகட்டும். அக்டோபரிலும் போகவேண்டும் என்றே தோன்றினால் அது உங்கள் நிஜமான விருப்பம், அப்போது யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். மார்ச்சில் உங்களுக்கு ஒரு வருஷத் தொடர் பணி முடிகிறது, விடுப்பில் ஊருக்குப் போய்வர அரசு தருகிற பயணச் சலுகையான எல்டிசி உரிமை வந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் எட்டு வருஷத்தில், நான்கு வருஷத் தொகுதி ஒவ்வொன்றிலும் மூன்று முறை சொந்த ஊருக்கும் ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். பத்து நாள் ஈட்டிய விடுப்பைக் காசாக்கவும் செய்யலாம். பல பேர் இது தெரியாமலே முதல் வருஷங்களில் கைக்காசு போட்டு ஊருக்குப் போய்வருகிறார்கள். விருதுநகர் மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்குப் போகிற மாதிரி, ஒரு வருஷம் முடிந்த தேதிக்குப் பிறகு கிளம்பத் திட்டமிடுங்கள், டிக்கெட் எடுக்கும் முன்பே ஆபீஸில் எழுதிக்கொடுங்கள். நிஜாமுதீனிலிருந்து மதுரைப் பக்கம் போகிற திருக்குறள் எக்ஸ்பிரஸும் சம்பர்க் கிராந்தியும் தினசரி கிடையாது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, பரீட்சை லீவு நெருங்கினால் இடமிருக்காது. இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.